காவிரிக் கரையில் நீத்தார் கடன்: சடங்கைக் குலைக்காமல் படமெடுக்கும் முறை

திருச்சிராப்பள்ளியில் இறந்தோருக்கான சடங்குகளைப் படமெடுக்க விரும்புவோர் முதலில் இரண்டு இடங்களைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, திருவரங்கத் தீவின் தென்கரையில் உள்ள அம்மா மண்டபம் படித்துறை. இங்கு தர்ப்பணம், திதி, அஸ்தி கரைத்தல் ஆகியவை நடைபெறுகின்றன. மற்றொன்று, ஆற்றின் மறுகரையில் நகரப் பகுதியில் இருக்கும் ஓயாமரி சுடுகாடு. இங்கு உடல் தகனம் செய்யப்படுகிறது. முன்னது நினைவுக்கான சடங்கு என்பதால் குடும்பத்தினர் ஓரளவு அமைதியோடு இருப்பார்கள்; பின்னது இழப்பு நேர்ந்து ஒரு நாள்கூட ஆகாத நிலை. முதலாவது இடத்தில் பொருந்தும் நடைமுறை இரண்டாவது இடத்தில் பொருந்தாது என்பதால் இவ்வத்தியாயம் இரண்டையும் தனித்தனியே எடுத்துக்கொள்கிறது.

நாளும் நேரமும்

ஆடி, புரட்டாசி, தை ஆகிய மூன்று மாத அமாவாசைகளில் அம்மா மண்டபத்தில் விடியுமுன்பே கூட்டம் சேர்ந்துவிடும். புரட்டாசியில் வருவது மகாளய அமாவாசை. அதற்கு முந்தைய பதினைந்து நாள்களான மகாளய பட்சத்திலும் நாள்தோறும் தர்ப்பணம் நடக்கும். முதன்முறை படமெடுக்க வருபவர் இந்தப் பெருநாள்களைத் தவிர்த்து, சாதாரண அமாவாசை ஒன்றையோ மகாளய பட்சத்தின் நடுநாள் ஒன்றையோ தேர்ந்துகொள்வது நல்லது. பெருநாளில் ஆளுக்கு ஆள் இடிபடும் நெரிசலில் யாரிடமும் நின்று அனுமதி கேட்க இயலாது. அனுமதி கேட்க இயலாத இடத்தில் நல்ல படமும் அமையாது.

ஆடிப் பதினெட்டாம் பெருக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. ஆகஸ்ட் 2 அல்லது 3-ஆம் தேதியில் வரும் அந்நாளில் இதே படித்துறையில் புதுமணத் தம்பதியர் காவிரியை வணங்கித் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வர்; அது மங்கல நாள். வெளியூர்ப் புகைப்படக்காரர் சிலர் அன்று எடுத்த படத்துக்கு நீத்தார் சடங்கு என்று குறிப்பெழுதி விடுகின்றனர். மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்ட பெண்ணின் படத்தைத் திதிப் படமென்று அச்சிடுவதைவிடப் பெரிய அவமதிப்பை அந்தக் குடும்பத்துக்கு யாரும் செய்துவிட முடியாது.

தர்ப்பணத்தின் வரிசை

தர்ப்பணம் என்பது மறைந்த முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைத்துச் செய்யும் கடன். செய்பவரைக் கர்த்தா என்பர். சமூகத்துக்குச் சமூகமும் புரோகிதருக்குப் புரோகிதரும் சிறுசிறு வேறுபாடு உண்டெனினும் பொதுவான ஒழுங்கு கீழ்க்கண்டவாறு அமையும். இதை மனத்தில் பதித்துக்கொண்டவருக்கு அடுத்து என்ன நிகழும் என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால், இங்குமங்கும் நகர வேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிடும்.

1. கர்த்தா ஆற்றில் நீராடி வருவார். இந்தக் கட்டத்தில் கேமரா பைக்குள் இருக்க வேண்டும்.

2. வாத்தியார் எதிரே அல்லது பக்கத்தில் அமர, கர்த்தா தர்ப்பைப் புல்லால் முடிந்த பவித்திரத்தை வலக்கை மோதிர விரலில் அணிந்துகொள்வார்.

3. பெரும்பாலும் கிழக்கு நோக்கி ஆசமனமும் சங்கற்பமும் நடக்கும். சங்கற்பம் என்பது இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னாருக்காக இக்கடனைச் செய்கிறேன் என்று உறுதி கூறுவது. இது முடியும்வரை படம் எடுக்காமல் இருப்பதே முறை. ஷட்டர் ஒலி கேட்டுக் கர்த்தா தலை திருப்பினால் வாத்தியார் மந்திரத்தை மீண்டும் சொல்ல நேரிடும்.

4. பூணூல் அணிவோர் அதை இடத் தோளிலிருந்து வலத் தோளுக்கு மாற்றிக்கொண்டு தெற்கு நோக்குவர். தெற்கு, தென்புலத்தாரின் திசை. தர்ப்பையால் முடிந்த கூர்ச்சத்தில் முன்னோரை எழுந்தருளச் செய்வர்.

5. தந்தை வழியிலும் தாய் வழியிலும் மும்மூன்று தலைமுறையினரின் கோத்திரமும் பெயரும் சொல்லி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே எள்ளும் நீரும் வழிய விடுவர். எடுக்கத் தக்க படங்களில் பெரும்பாலானவை இந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கின்றன: ஈர உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும் இரண்டு மூன்று கறுப்பு எள், விரலோரமாகச் சரிந்து தாம்பாளத்தில் விழும் நீர்த்தாரை, நீரில் ஊறி வளையும் கூர்ச்சத்தின் நுனி.

6. பூணூல் இடத் தோளுக்குத் திரும்பும், பவித்திரம் அவிழ்க்கப்படும், தாம்பாளத்து நீர் ஆற்றில் சேர்க்கப்படும். தட்சணை கொடுக்கும் காட்சியை எடுக்க வேண்டாம். அது பிற்பாடு எந்தக் குறிப்புடன் வெளியானாலும் ஏளனமாகவே வாசிக்கப்படும்.

7. படித்துறையை விட்டு மேலேறும்போது பலர் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பர். மனம் சற்று இளகியிருக்கும் நேரம் இதுவாதலால், முகத்துடன் ஒரு படம் வேண்டுமெனில் இங்கே கேட்டுப் பார்க்கலாம்.

அனுமதி: யாரிடம், எப்போது, எப்படி

கர்த்தாவிடம் நேரடியாகக் கேட்பதுதான் மரியாதை என்று எண்ணுவது இயல்பு. ஆனால் படித்துறையில் அது தவறாகவே முடிகிறது. சடங்குக்குத் தயாராகி வரும் கர்த்தா பலவேளை உபவாசத்தில் இருப்பார், பேச விரும்பமாட்டார். அவருடன் வந்திருக்கும் தம்பி, மைத்துனர், மகன் என யாரேனும் ஒருவர் செருப்புகளையும் பைகளையும் பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்பார். கேட்க வேண்டியது அவரிடம். அவர் கர்த்தாவைப் பார்ப்பார், கர்த்தா தலையசைப்பார் அல்லது அசைக்கமாட்டார். அனுமதி அவ்வளவில் முடிந்துவிடும். அதன்பின் வாத்தியாரிடமும் ஒரு சொல் கேட்க வேண்டும். அவருக்கு அடுத்தடுத்துக் குடும்பங்கள் காத்திருப்பதால், இரண்டு குடும்பங்களுக்கு இடைப்பட்ட வேளையே அதற்கு ஏற்றது.

கேட்கும் சொற்கள் சுருக்கமாகவும் மறுக்க எளிதாகவும் இருத்தல் வேண்டும். “ஐயா, சிரமத்துக்கு மன்னிக்கணும். முகம் தெரியாம, கையை மட்டும் ஒரு படம் எடுத்துக்கலாமா? வேண்டாம்னா பரவாயில்லை” என்பது போதும். படம் எதற்கு, எங்கே வெளியாகும் என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். பதில் வராமல் மௌனம் நீடித்தால் அதை மறுப்பாகவே கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் துக்கத்தில் இருப்பவர் ‘கூடாது’ என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார். அந்தத் தயக்கத்தைச் சம்மதமாக்கிக்கொள்வது நேர்மையன்று.

குறிப்பு: துக்க இடத்திலிருந்து கிளம்பும்போது ‘போய் வருகிறேன்’ என்று சொல்லும் வழக்கம் இல்லை. சுடுகாட்டிலும் பத்தாம் நாள், பதினாறாம் நாள் காரியங்களிலும் இது கண்டிப்பாகப் பின்பற்றப்படும். நன்றி சொல்லிக் கைகுலுக்கி விடைபெறும் பழக்கத்தை அங்கே விட்டுவிட்டு, வேலை முடிந்ததும் கைகூப்பி ஒதுங்கிச் செல்ல வேண்டும்.

நிற்கும் இடமும் ஒளியும்

அம்மா மண்டபத்தின் அமைப்பே புகைப்படக்காரருக்கு ஒரு வழியைக் காட்டிக்கொடுக்கிறது. தீவின் தென்விளிம்பில் அமைந்த படித்துறை என்பதால் ஆறு தெற்கே இருக்கிறது. தர்ப்பணம் செய்பவரும் தெற்கு நோக்குகிறார். எனவே மேற்படிகளில், அவருக்குப் பின்னால், சற்றே பக்கவாட்டில் நிற்பவருக்கு முகம் தெரியாத தோளும் கையும் தாம்பாளமும் அவற்றுக்கு அப்பால் காவிரியும் ஒரே சட்டத்துக்குள் அமைந்துவிடுகின்றன. குடும்பத்தின் அந்தரங்கமும் காக்கப்படுகிறது. சடங்கின் திசையும் மறைக்கப்படுவதில்லை. இதற்கு மாறாக ஆற்றில் இறங்கி நின்று கரையை நோக்கி எடுப்பவர், கர்த்தாவுக்கும் அவர் யாரை நோக்கி நீர் இறைக்கிறாரோ அவர்களுக்கும் இடையே தம்மை நிறுத்திக்கொள்கிறார். அவ்வாறு எடுத்த படம் எவ்வளவு அழகாயினும் எடுத்த முறை தவறு. மண்டபத்துக்குள்ளும் நெரிசல் நாள்களிலும் அமரும் திசை மாறக்கூடும். அப்போதும் கர்த்தா எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறாரோ அந்தப் பக்கத்தை விட்டு விலகி நிற்பதே விதி.

தெற்கு நோக்கி நிற்பவருக்குக் காலை வெயில் இடப்புறத்திலிருந்து வரும். ஆடியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து வடக்கே தள்ளி உதிப்பதால் ஒளி இடத்தோளுக்குச் சற்றுப் பின்னிருந்து விழுந்து கைகளைத் தெளிவாகக் காட்டும். தையில் தெற்கே தள்ளி உதிப்பதால் ஒளி இட முன்புறத்திலிருந்து வந்து, விழும் நீரை ஒளிரச் செய்து உருவங்களைக் கருநிழலாக்கும். மகாளய காலத்தில் ஏறக்குறைய நேர்பக்கவாட்டு ஒளி கிடைக்கும். முகம் தெரியக் கூடாது என்று குடும்பம் கேட்டுக்கொண்டால் தை மாதத்து ஒளிதான் உதவியானது.

ஆற்றுக்கு அப்பால் மலைக்கோட்டை தெரியும். அதைப் பின்னணியில் கொண்டுவரும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்காகக் கர்த்தாவை ஒரு படி தள்ளி உட்காரச் சொல்வதும், நீரை மறுபடி ஒருமுறை விடச் சொல்வதும் நடக்கவே கூடாதவை. எள்ளும் நீரும் இறைப்பது எண்ணிக்கை உள்ள செயல்; கேமராவுக்காக அதைக் கூட்ட முடியாது.

கருவி அமைப்பு

50 அல்லது 85 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று போதும். நீண்ட தொலைநோக்கு லென்ஸ் எடுத்துச் செல்வோர் அனுமதி கேட்காமல் தொலைவிலிருந்து திருட்டுத்தனமாக எடுக்கும் வசதிக்காகவே அதை நாடுகின்றனர், தவிர்க்கலாம்.

1. ஃப்ளாஷையும் குவிமைய உதவி விளக்கையும் பீப் ஒலியையும் வீட்டிலேயே நிறுத்திவிட வேண்டும்.

2. ஒலியற்ற ஷட்டரைப் பயன்படுத்தலாம். ஆனால் மண்டபத்துக்குள் குழல்விளக்கொளியில் அது படத்தில் பட்டைபட்டையாகக் கோடு விழச் செய்யும் என்பதால் முன்னதாகச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

3. நீர்த்துளியைத் தனித்தனியே நிறுத்த விநாடியில் 500-இல் ஒரு பங்கு, தாரையாக ஓடவிட 60-இல் ஒரு பங்கு வேகம் என்று தொடங்கலாம்.

4. வெள்ளை வேட்டி வெயிலில் வெளுத்துப் போகும். ஒளியளவை அரை முதல் முக்கால் படி குறைத்து வைக்க வேண்டும்.

5. காணொளி எடுப்பவர் ஒலிப்பதிவை நிறுத்திவைக்க வேண்டும். மந்திரத்தோடு குடும்பத்தின் கோத்திரமும் மூன்று தலைமுறைப் பெயர்களும் பதிவாகிவிடும். முகத்தை மறைத்தும் பயனில்லாமல் போகும்.

ஓயாமரியில்: அழைப்பு இருந்தால் மட்டும்

காசியின் மணிகர்ணிகைப் படித்துறையில் கேமராவை எடுத்தால் உள்ளூர்க்காரர்கள் உடனே தடுப்பார்கள். திருச்சியில் அப்படித் தடுக்க ஆள் இல்லாத வேளைகளே அதிகம்; ஆகவே பொறுப்பு முழுவதும் எடுப்பவருடையது. குடும்பம் அழைக்காமல் ஓயாமரிக்குள் கேமராவுடன் நுழையக் கூடாது என்பதே இந்நூலின் நிலைப்பாடு. அழைப்பு வருவது அரிதுமன்று. இறந்தவரை நாற்காலியில் அமர்த்திச் சுற்றமெல்லாம் சூழ நின்று படமெடுத்துக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது; இன்று அதன் இடத்தில், விமானம் கிடைக்காமல் வெளிநாட்டில் தவிக்கும் மகனுக்கோ மகளுக்கோ காட்டுவதற்காகப் பதிவு கேட்கிறார்கள். அந்த வேலையை ஏற்பவர் பின்வரும் ஒழுங்கை அறிந்திருக்க வேண்டும்.

1. சுடுகாட்டுக்குப் புறப்படுமுன், எந்தெந்தப் படம் வேண்டும், யார் யாருக்குப் போகும் என்று குடும்பத்தில் பொறுப்பான ஒருவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். பெண்கள் சுடுகாட்டுக்கு வராத குடும்பங்கள் பல உண்டு. பெண் புகைப்படக்காரராயின் இதையும் அப்போதே கேட்டுவிடுவது நலம்.

2. வாய்க்கரிசி இடும்போது உறவினர் ஒவ்வொருவராக முன்வருவர். முகம் திறந்திருக்கும் இறுதி நேரம் இது. கால்மாட்டில், வரிசைக்கு வெளியே நிற்க வேண்டும். தலைமாட்டில் நின்று குனிந்து எடுப்பது வழியையும் அடைக்கும், மனத்தையும் புண்படுத்தும்.

3. கொள்ளி வைப்பவர் தோளில் நீர்க்குடத்துடன் மும்முறை சுற்றி வருவார். ஒவ்வொரு சுற்றிலும் குடத்தில் துளையிடப்படும். முடிவில் குடம் பின்புறமாக விழுந்து உடையும். சுற்றும் பாதைக்கு வெளியே, உடைந்த ஓடு தெறிக்காத தொலைவில் ஓரிடத்தில் நிலையாக நிற்க வேண்டும்.

4. கொள்ளி வைத்தவர் திரும்பிப் பாராமல் வெளியேற வேண்டும் என்பது வழக்கம். அவரைப் பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைப்பது படமெடுப்பவர் செய்யக்கூடிய மிகக் கொடிய பிழை. இந்தக் கட்டத்தில் கேமராவைத் தாழ்த்திக்கொள்வதே சிறந்தது.

5. விறகுச் சிதையாயினும் தகன மேடையாயினும் உடல் தீக்குள் செல்லும் கணத்தை எடுக்க வேண்டாம். குடும்பமே கேட்டாலும், அன்று கேட்டவர் ஓராண்டு கழித்து அந்தப் படத்தைப் பார்க்க விரும்புவாரா என்பதை மென்மையாக எடுத்துச் சொல்லலாம்.

மயானப் பணியாளர்களும் பறையிசைக் கலைஞர்களும் காட்சிக்கு அழகூட்டும் பின்னணிப் பொருள்கள் அல்லர். குடும்பம் தந்த அனுமதி அவர்களைக் கட்டுப்படுத்தாது. தனியே கேட்க வேண்டும். படக்குறிப்பில் சாதியைச் சுட்டும் பழைய தொழிற்பெயர்களை எழுதக் கூடாது.

மறுநாள் அல்லது குடும்ப வழக்கப்படி குறித்த நாளில் பால் தெளித்து எலும்பும் சாம்பலும் கலயத்தில் சேகரிக்கப்படும். இதைச் சஞ்சயனம் என்பர். அக்கலயமே அம்மா மண்டபம் போன்ற இடங்களுக்குக் கரைப்பதற்காக வந்து சேரும். கலயத்தின் வாயைத் திறந்து காட்டச் சொல்லாமல், நீரில் அது சாயும் கணத்தைப் பின்னிருந்து எடுப்பதே போதுமானது.

அடிக்கடி நேரும் பிழைகள்

படத்தை இடவலமாகத் திருப்பிப்போடுவது முதன்மையான பிழை. பக்க வடிவமைப்புக்காகத் திருப்பிய படத்தில், நீத்தார் கடனின்போது வலத் தோளில் இருக்க வேண்டிய பூணூல் இடத் தோளில் தெரியும். பவித்திரம் அணிந்த வலக்கை இடக்கையாகிவிடும். திருவரங்கத்து வாசகர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். கைபேசியின் முன்புறக் கேமரா சிலவற்றில் தானாகவே இவ்வாறு திருப்பிவிடும்.

படித்துறையில் நீராடும் பெண்கள் சட்டத்துக்குள் வந்துவிடுவது அடுத்தது. தற்செயலாக வந்தாலும் அந்தப் படத்தை அங்கேயே அழித்துவிட வேண்டும். தாம்பாளம், சொம்பு, கூர்ச்சம் ஆகியவற்றை ‘நன்றாக விழட்டும்’ என்று கையால் நகர்த்துவதும், காக்கைக்கு வைத்த சோற்றருகே நின்று காக்கையை விரட்டிவிடுவதும் சிறு பிழைகள் போலத் தோன்றும். பிண்டத்தைக் காக்கை எடுக்கக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அது சிறு பிழை அன்று.

பாதுகாப்பு

கீழ்ப்படிகளில் பாசி படிந்திருக்கும். காலணி இல்லாமல் நிற்க வேண்டிய இடம் என்பதால் வழுக்கல் இன்னும் மிகுதி. நீர் தொடும் படிக்கு இரண்டு படி மேலேயே நின்றுகொண்டு, கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். வ்யூஃபைண்டரில் கண் வைத்தபடி பின்னோக்கி நடப்பது கூடவே கூடாது.

மேட்டூரிலிருந்து நீர்திறப்பு கூட்டப்படும் நாள்களில் நாளிதழ்களைப் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து மிகுநீர் கொள்ளிடத்தில் திருப்பிவிடப்படுவதால், வறண்ட மணல்வெளியாகத் தோன்றும் கொள்ளிடக் கரைதான் கூடுதல் ஆபத்தானது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் மதகுகளே உடைந்து போயின. காவல்துறை தடுப்புக் கட்டியிருந்தால் அதற்கு அப்பால் செல்ல எந்தப் படமும் காரணமாகாது.

சிதையருகே காற்று வரும் திசையில் நிற்க வேண்டும். புகை எதிர்ப்பட்டால் கண்ணும் லென்ஸும் கெடும். வெப்பக் காற்று படத்தை நெளியச் செய்வதால் நெருங்கிப் போவதில் பயனுமில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பியபின் குளித்துவிட்டே வீட்டுக்குள் புகுவதும் கோயிலுக்குச் செல்வதும் ஊர் வழக்கம். படமெடுத்தவர் அதைப் பின்பற்றுவதைக் குடும்பத்தார் கவனிப்பார்கள்.

சட்டம்

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆம் பிரிவு, பிறர் உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்துடனோ அதனால் புண்படக்கூடும் என்று அறிந்தோ ஈமச்சடங்குக்குக் கூடியிருப்போருக்கு இடையூறு விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பெண்களின் அந்தரங்கத்தைப் படமெடுப்பதற்கு 77-ஆம் பிரிவு தனியே உள்ளது. ட்ரோன் பறக்கவிட நினைப்போர் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி வான்வெளி வரைபடத்தைப் பார்க்க வேண்டும். சட்டம் இடங்கொடுத்தாலும் துக்கத்தின் தலைக்கு மேல் இரைச்சலிடும் கருவியைப் பறக்கவிடுவதை இந்நூல் பரிந்துரைக்கவில்லை. படித்துறையிலிருந்து அரங்கநாதர் கோயிலுக்குச் செல்வோர், கோயில்களுக்குள் கைபேசியைத் தடைசெய்து மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2022 டிசம்பரில் பிறப்பித்த உத்தரவையும் நினைவில் கொள்ள வேண்டும்.

படம் எடுத்த பின்

1. அன்று மாலையே படங்களைப் பிரித்து, அனுமதி பெறாதவர் முகம் தெரியும் படங்களை நீக்கிவிட வேண்டும்.

2. இருப்பிடத் தகவலையும் குடும்பப் பெயரையும் கோப்புகளிலிருந்து அகற்ற வேண்டும்.

3. படக்குறிப்பில் சடங்கின் பெயர், இடம், நாள் மூன்றும் போதும். ‘மர்மம்’, ‘மரணத்தின் நிழல்’ போன்ற அலங்காரங்கள் வேண்டாம்.

4. வெளியிடுமுன் குடும்பத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். ஓராண்டு முடிந்து தலைத்திவசம் ஆகும்வரை வெளியிடாமல் காத்திருப்பது இன்னும் நல்லது.

5. தாளில் அச்சிட்ட பிரதி ஒன்றைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். கட்டணம் வாங்க வேண்டாம்.

6. எந்த நாளில், எந்தக் காரணத்துக்காகக் குடும்பத்தில் ஒருவர் படத்தை நீக்கச் சொன்னாலும், எழுத்துமூலம் அனுமதி தந்திருக்கிறார்களே என்று வாதிடாமல் நீக்கிவிட வேண்டும்.